தங்கராசா அத்தானின் எட்டு சிலிண்டர்

என் அக்கா மீனாம்பிகையின் புருசன் தங்கராசா அத்தான் 2006ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சிவப்பு மஸ்டாங் வாங்கினார். 1966ஆம் ஆண்டுக் கார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு முன்னால் விற்பனைக்கு நின்றதைக் கண்டு, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, ஐயரைக் கொண்டு பானெட்டில் சந்தனம் பூசுவித்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்த தமிழர் ஒருவரும் நிம்மதியாக இருக்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வெளியே கூட்டிக்கொண்டு போய் பானெட்டைத் திறப்பார். ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக்; வந்தவர் ஒவ்வொரு பிளக்காக விரல் வைத்து எண்ண வேண்டும். எட்டு வந்த பிறகுதான் உள்ளே தேத்தண்ணி.

"எட்டு சிலிண்டர். ஒறிஜினல். ஃபக்டரியிலயிருந்து வந்தபடி அப்படியே நிக்குது," என்பார்.

இதே மனிதர் பியர்ஃபோனில் ஒரு நல்ல வீட்டை, கதவிலக்கத்தைக் கூட்டினால் எட்டு வருகிறது, எட்டு சனியின் எண் என்று சொல்லி வேண்டாமென்று விட்டவர். அத்தானுக்கு எண் சாத்திரத்தில் அவ்வளவு பிடிப்பு. அப்படியானால் எட்டு சிலிண்டர் மட்டும் எப்படி என்று அக்கா கேட்டதற்கு, "சிலிண்டர் கணக்கிலை வராது," என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பன்னிரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். எதையும் ஒரே சொல்லில் முடித்துத்தான் பழக்கம்.

இனி என்னைப் பற்றி. நான் ஞானாம்பிகை. புவாண்ட்-கிளேரில் ஒரு கார் உதிரிப்பாகக் கடையில் வேலை. ஆறு வருடம் பின்பக்கத்து ஸ்டோரில் ஏணியில் ஏறி இறங்கிப் பெட்டி எடுத்தேன். அந்த வருடம் மார்ச் மாதம்தான் என்னை முன் கவுண்டருக்கு விட்டார்கள். எனக்கு முன்னால் அந்தக் கவுண்டரில் ஒரு பெண்ணும் நின்றதில்லை. வருகிற மெக்கானிக்குகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆம்பிளை யாரும் இல்லையா என்று தேடுவார்கள். நான் சரியான சாமானை எடுத்து முன்னால் வைத்ததும் வாயை மூடிக்கொண்டு போவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் காலையில் எழும்பி வேலைக்குப் போனேன். பொய் சொல்வானேன், அந்தக் கவுண்டர் எனக்கு உயிர்.

முதலாளி மெசியூ ஜீல் கெட்டவரல்ல. ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரே மாதத்தில் மூன்று சாமான் "பிழையான சாமான்" என்று திரும்பி வந்தால், அதைக் கொடுத்தவர் திரும்பவும் பின்பக்க ஸ்டோருக்குப் போகவேண்டும். முன்பு ஆந்த்ரே என்றொருவன் அப்படித்தான் போனான். இன்னும் ஏணியில்தான் நிற்கிறான்.

ஜூன் மாதம் அத்தானின் காருக்கு ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. நேராகப் பிடித்தாலும் கார் தன் பாட்டில் வலப்பக்கம் யோசித்தது. செயின்ட்-மிஷேலில் கராஜ் வைத்திருக்கும் மரியதாசனிடம் கொண்டுபோய் விட்டார். மரியதாசன் மட்டக்களப்புக்காரர். அருமையான வேலைக்காரர், ஆனால் வாடிக்கையாளரின் காரைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டார். இயந்திரம் கழன்று ரோட்டில் கிடந்தாலும் "சின்ன வேலைதான், பாப்பம்" என்பார். அவர் பார்த்துவிட்டு, டை ரொட் எண்ட் மாற்றவேண்டும் என்றார். ஸ்டியரிங்கிலிருந்து வந்து சில்லைத் திருப்புகிற கம்பியின் நுனியில் இருக்கும் மூட்டு அது.

அத்தான் என் கவுண்டருக்கு வந்தார். கணினி வருடத்தைக் கேட்டது, அடித்தேன். பிறகு ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்று கேட்டது. அந்தக் காரில் இரண்டுக்கும் ஸ்டியரிங் சாமான் வேறு. எட்டு சிலிண்டர் என்ஜின் பாரமானது, அதனால் கம்பியும் மூட்டும் தடிப்பு. ஆறுக்கு எல்லாம் மெல்லிசு.

"இது என்ன கேள்வி?" என்றார் அத்தான். "நீயே பிளக் எண்ணினனிதானே."

எண்ணியிருந்தேன். எட்டு என்று அடித்தேன்.

நாலு நாளில் பெட்டி திரும்பி வந்தது. சாமானின் ஆணி காரின் துளைக்குள் இறங்கவில்லை, பருமன் கூட. மரியதாசன் துண்டில் "பிழையான சாமான்" என்று எழுதி அனுப்பியிருந்தார். மெசியூ ஜீல் கொப்பியில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். சரி, செய்தவன் பெட்டி மாறிப் போட்டிருப்பான் என்று வேறு கம்பனிச் சாமானாக எடுப்பித்தேன். அதுவும் திரும்பி வந்தது. இரண்டாவது கோடு.

சனிக்கிழமை மத்தியானம் மெற்றோ பிடித்து செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். மஸ்டாங் ஜாக்கியில் நின்றது. மரியதாசன் என்னைக் கண்டதும் துணியால் கையைத் துடைத்து, துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"டோர்ச்சைத் தாங்கோ அண்ணை," என்று வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் போனேன்.

ஆறு வருடம் பெட்டி எடுத்த கைக்கு அளவுகோல் தேவையில்லை. அந்தக் கம்பியை ஒரு தரம் பிடித்ததுமே விளங்கிவிட்டது. மெல்லிசு. நடுக்கம்பி மெல்லிசு, மற்றப் பக்கத்து முனை மெல்லிசு, அதைத் தாங்குகிற கையும் மெல்லிசு. எல்லாம் நாற்பது வருடத்துத் துருக் கறளோடு, ஒருவரும் கழற்றாத சாமான்கள். ஃபக்டரியிலிருந்து வந்தபடி அப்படியே நின்றது என்றால் அந்தக் காரில் அது ஒன்றுதான். வெளியே வந்து சில்லுக்கு மேலிருந்த அலங்கார மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நாலு நட். எட்டு சிலிண்டர் காருக்கு ஐந்து இருக்கவேண்டும்.

"அண்ணை, இது ஆறு சிலிண்டராப் பிறந்த கார். பேந்து ஆரோ எட்டைத் தூக்கி வைச்சிருக்கினம்."

"ஓம் புள்ள," என்றார் மரியதாசன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"மொத நாளே தெரியும்."

"அப்ப ஏன் பிழையான சாமான் எண்டு எழுதினீங்கள்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த மனுசன் இஞ்ச வந்து நிண்டு, என்னையும் பிளக் எண்ண வெச்சாரு. மறுகா எப்பிடி நான் அவர்ட முகத்தப் பாத்து ஒங்கட கார் ஆறு எண்டு சொல்லுற? சாமான் பிழை எண்டா ஆருக்கும் நோகாதுதானே."

எனக்கு நொந்தது. அதை அவருக்குச் சொல்லியும் வைத்தேன். மரியதாசன் நாலு தரம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அத்தானிடம் வந்து சொல்ல மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: என்ஜின் எட்டு, கார் ஆறு.

"ஞானம், நீ பெட்டி எடுக்கிற பிள்ளை. காரைப் பற்றி என்னோடை கதைக்காதை. எட்டுக்குத்தான் இன்னொண்டு எடுப்பி," என்று வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் என்னை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர் அவர். விமான நிலையத்துக்கு எனக்காக ஒரு குளிர் கோட்டோடு வந்து நின்றவர். கோட்டு மூன்று அளவு பெரிது என்பது வேறு கதை. அவர் எடுப்பி என்றால் நான் எடுப்பிக்காமல் இருக்க முடியாது. எடுப்பித்தால் அது திரும்பி வரும். திரும்பி வந்தால் மூன்றாவது கோடு, நான் ஏணியில்.

அடுத்த நிமிடம் அக்கா எடுத்தாள், மெல்லிய குரலில், குளியலறைக்குள் இருந்து.

"எடி, அந்தாளோடை வாதாடி வேலையில்லை. நீ ஆறு சாமானை எடுத்து எட்டுப் பெட்டிக்குள்ளை வைச்சுக் குடுத்துவிடு. பெட்டியை மட்டுந்தான் அந்தாள் வாசிக்கும்."

நான் அதை யோசிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முழு இரவும் யோசித்தேன். சாமான் அழகாகப் பொருந்தும். அத்தானுக்குச் சந்தோசம், மரியதாசனுக்குச் சந்தோசம், என் கவுண்டர் எனக்கு. ஆனால் அந்த மெல்லிய கம்பிக்கு மேல் அவ்வளவு பாரமான என்ஜின் ஏறி நிற்கிறது, அதில் முன் சீற்றில் இருப்பது என் அக்கா. பெட்டிக்குள் பொய்யை வைத்துக் கொடுத்துவிட்டு நான் எந்தக் கவுண்டரில் நிமிர்ந்து நிற்பது? எட்டு என்றே எடுப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அத்தான் கடைக்குள் வந்தார். கையில் மூன்றாவது பெட்டி, நெற்றியில் விபூதி. மெசியூ ஜீல் கொப்பியை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பின்னால் இரண்டு மெக்கானிக்குகள் வரிசையில்.

"இதுவும் பிழை," என்றார் அத்தான்.

சனிக்கிழமை மரியதாசன் கழற்றித் தந்த பழைய முனையைக் கவுண்டரில் வைத்தேன். பக்கத்தில் பெட்டியிலிருந்த புதியதை வைத்தேன். பிறகு ஸ்டோருக்குள் போய் ஆறு சிலிண்டரின் புதிய முனை ஒன்றை எடுத்து வந்து மூன்றாவதாக வைத்தேன். முதலாவதும் மூன்றாவதும் ஒரே பருமன். நடுவில் இருந்தது தடியன். வரிசையில் நின்ற மெக்கானிக் ஒருவன் பார்த்த உடனே "ஸீ சிலாந்த்ர்" என்றான், ஆறு சிலிண்டர் என்று. அத்தான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வைப்பர்களைப் பார்க்கப் போய்விட்டான்.

"ஸ்டியரிங்கை ஆரும் மாத்தியிருக்கலாம்," என்றார் அத்தான். "இந்தக் காரின்ரை ஜாதகமே என்னட்டை இருக்கு. எல்லாம் பாத்துத்தான் வாங்கினனான்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார். அதில் காரைச் செய்த கம்பனிக்காரர் உடம்பில் அடித்துவிட்ட சசி இலக்கம், அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு சின்ன எண். ஆங்கில எழுத்துகளுக்கும் எண் சாத்திரப்படி மதிப்புப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டியிருந்தார். நாற்பத்தொன்று. நாலும் ஒன்றும் ஐந்து. ஐந்து புதனின் எண், வெகு விசேசம் என்று அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். 6F07T213406. எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து எழும்பியது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். அந்தக் கம்பனிக்காரர் அந்தக் காலத்தில் இலக்கத்தின் ஐந்தாவது இடத்தில் ஒரு எழுத்து வைத்து, என்ன என்ஜின் என்று பச்சையாகவே எழுதிவிடுவார்கள். எங்கள் பட்டியல் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து அத்தானுக்கு முன்னால் திருப்பி வைத்தேன்.

"T எண்டால் என்ன போட்டிருக்கு, வாசியுங்கோ அத்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். வாசித்தார். T என்றால் ஆறு சிலிண்டர். ஒரு முழுப் பின்னேரம் அந்த எழுத்துக்கு முன்னால் குந்தியிருந்து, அது என்ன சொல்கிறது என்று கேட்காமல், அதற்கு நாலு என்று மதிப்புப் போட்டுவிட்டு எழும்பியிருக்கிறார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் போய்விட்டது. ஒரு மாதமாக ஊரெல்லாம் பிளக் எண்ணவைத்த மனிதர், தன் தாளையே கையில் பிடித்துக்கொண்டு கடை நடுவில் நின்றார். காது இரண்டும் சிவந்து போயிருந்தன.

"எட்டெண்டால் என்ன எழுத்து வந்திருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"C வந்திருக்கும்."

அவர் உதடு அசைந்தது. C என்றால் மூன்று. நாற்பத்தொன்று நாற்பதாகும். நாலும் பூச்சியமும் நாலு. நாலு ராகுவின் எண்.

"ராகு," என்றார் பயந்து.

எங்கிருந்து எனக்கு அந்தப் புத்தி வந்ததோ தெரியாது. "ஆறு எந்தக் கிரகத்தின்ரை எண், அத்தான்?"

"சுக்கிரன்..." என்றார். பிறகு நிமிர்ந்தார். "சுக்கிரன்! வாகன காரகன் அல்லோ!"

"எட்டு?"

"சனியன்," என்றார், உள்ளத்தின் ஆழத்திலிருந்து. "என்ரை கடவுளே, நல்ல காலம். அது ஆறுதான் ஞானம். ஆறாத்தான் இருக்கவேணும்."

தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் செய்யாததை சுக்கிரன் அரை நிமிடத்தில் செய்து முடித்தார். ஆனால் எனக்கு அது போதாது. மெசியூ ஜீல் இன்னும் கொப்பியோடு நிற்கிறார். திருப்பி எடுக்கும் படிவத்தை அத்தான் பக்கம் தள்ளினேன். அதில் இரண்டு கட்டம். ஒன்று கடையின் பிழை, மற்றது வாடிக்கையாளரின் பிழை.

"இதிலை ரெண்டாவது கட்டத்துக்குச் சரி போட்டுக் கையெழுத்து வையுங்கோ. இல்லாட்டி என்னைத் திரும்பவும் பின்னுக்கு விட்டிடுவினம்."

அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. அத்தான் மெசியூ ஜீலைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், என் பெயருக்கு நேரே இருந்த இரண்டு கோடுகளையும் பார்த்தார். பேனையை எடுத்தார். கட்டத்துக்கு மேல் பிடித்தார். கை இறங்கவில்லை. மூத்த மருமகனாக முப்பது வருடம், எங்கள் வீட்டில் ஒரு நாளும் தன் பிழை என்று வாய் திறக்காதவர்.

"சரி போடுறதெல்லாம் சின்னப் பிள்ளையளின்ரை வேலை," என்றார். "நான் முறையா எழுதித் தாறன்."

படிவத்தைப் பின்பக்கம் திருப்பினார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். தமிழில், கச்சேரிக் கையெழுத்தில், ஒரு கிறுக்கல் இல்லாமல். வரிசையில் இப்போது ஐந்து பேர். கடைசியில் திகதி போட்டு, கையெழுத்து வைத்து, மெசியூ ஜீலிடம் இரண்டு கையாலும் நீட்டினார். அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

அதில் இப்படி இருந்தது:

"மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்கட்கு. இதுவரை திருப்பி அனுப்பப்பட்ட மூன்று பெட்டிகள் தொடர்பாக. மேற்படி சாமான்கள் பிழையானவை அல்ல. மேற்படி வாகனத்தை எட்டு என்று சொன்னவன் நான். ஆறு என்று சொன்னவர் என் மச்சாள் திருமதி ஞானாம்பிகை. இவரை எனக்கு முப்பது வருடங்களாகத் தெரியும். இக்காலப்பகுதியில் நான் இவரிடம் எந்த விடயத்திலும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார் என்ற பயமே அதற்குக் காரணம். இவரை முன் கவுண்டரிலேயே வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இங்ஙனம், தங்கராசா."

"என்ன எழுதியிருக்கிறார்?" என்று மெசியூ ஜீல் பிரெஞ்சில் கேட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வாடிக்கையாளரின் பிழை," என்றேன்.

"அவ்வளவுக்குமா?"

அத்தானுக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். "எடி, நான் ஒரு பக்கம் எழுதினனான். நீ ரெண்டு சொல்லோடை முடிக்கிறாய். முழுக்க வாசி."

"என்னைப் பற்றி நானே எப்பிடி அத்தான் வாசிக்கிறது?"

"உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமத்தான் எழுதினனான். வாசி."

வாசித்தேன். ஐந்து மெக்கானிக்குகளும் கேட்க, என் வாயாலேயே, உடைந்த பிரெஞ்சில், ஒரு வரி விடாமல். மெசியூ ஜீல் இடையில் ஒரு தரம் "பயமா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு கொப்பியைத் திறந்து என் பெயருக்கு நேரே இருந்த இரண்டு கோடுகளையும் வெட்டினார். வெட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

அத்தான் அவ்வளவு நேரமும் சுவரில் மாட்டியிருந்த வைப்பர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது திரும்பி, தொண்டையைச் செருமினார்.

"அப்ப ஞானம், நான் இனி என்ன செய்யவேணும்?"

வரிசையில் நின்றவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி.

"காரை ஓடாம நிப்பாட்டி வையுங்கோ," என்றேன். "முன்பக்கம் முழுக்க எட்டுக்குரிய சாமானா மாத்தவேணும். ஸ்டியரிங், சில்லு தாங்கிற கை, எல்லாம். நான் பட்டியல் போட்டுத் தாறன். அதுவரைக்கும் அக்காவை அதிலை ஏத்தக்கூடாது."

"ஓம்," என்றார் அத்தான்.